என் மகளின் முழங்காலும் என் கையும்

1

போன கிழமை எங்கள் சமையலறையில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தாள். நான் வேலை செய்வது முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். டொரன்டோவிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணிநேரம் தள்ளி இருக்கிற சின்ன ஊர். விழுந்தவள் சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை, கனடாவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கணுக்கால் பிரண்டுவிட்டது. தட்டுக் கழுவும் இடத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காலை என் பக்கமாக நீட்டினாள்.

"அக்கா, நீங்கள் இரட்டைப் பிள்ளை பெத்தனீங்களாம். சுளுக்கு எடுப்பீங்கள் எண்டு சொல்லிச்சினம். ஒருக்கால் பாருங்கோவன்."

நான் இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். "முடியாதும்மா. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு டாக்டர்கிட்ட போ" என்றேன். நினைத்ததைவிடக் குரல் கடுமையாக வந்துவிட்டது. அவள் முகம் சுருங்கிப்போனது. இந்தப் பொம்பிளைக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்திருப்பாள். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

அவளுக்குச் சொல்ல முடியாததை, ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். இரத்தோட்டையில் என் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு மறைப்பது சரியில்லை. என் மகள் சுபாஷினி இனிமேல் கூடைப்பந்து விளையாடமாட்டாள். அவளுடைய முழங்கால் போய்விட்டது. அது எப்படிப் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் வீட்டுக்காரர் செல்வராஜ் மாத்தளைக்குப் பக்கத்தில் இரத்தோட்டை டவுனில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற கடையொன்றில் வேலை செய்தார். கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் மாத்தளை ஆஸ்பத்திரியில் எனக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. முதலில் பையன், பத்து நிமிஷம் கழித்துச் சுபா. பையன் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி அவ்வளவு சிறியவன். பதினோராம் நாள் போய்விட்டான். முப்பத்தோராம் நாள் பெயர் வைக்கலாம் என்று இருந்தோம்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவனைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் நான் அழுவேன், அழுதால் பால் வற்றும், இருக்கிற பிள்ளையும் இளைத்துவிடும் என்று மாமியார் எல்லோர் வாயையும் கட்டி வைத்திருந்தார். பார்க்க வருகிறவர்கள்கூட, "ஒத்தப் புள்ளதானே, ராணி மாதிரி வளத்துருங்க" என்பார்கள். நானும் தலையாட்டுவேன். ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெண் நொண்டிக்கொண்டே வந்து எங்கள் வாசலில் நின்றாள். கொழுந்து எடுக்கும்போது சரிவில் சறுக்கிக் காலைப் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெட்டப் புள்ள பெத்த அம்மா வீடு இதுங்களா?" என்று கேட்டாள்.

இரட்டைப் பிள்ளை பெற்றவளின் கை பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அது என்னையும் குறிக்கும் என்று அதுவரை தோன்றவே இல்லை. நான் வாசலில் நின்றபடியே அழுதேன். அவள் பயந்துபோய், "வலி அப்பிடியொண்ணும் இல்லீங்க, நான் வேணும்னா போயிர்றேன்" என்றாள்.

போகவிடவில்லை. நல்லெண்ணெயைச் சூடாக்கி, கட்டைவிரலால் மேலிருந்து கீழாக இழுத்துத் தேய்த்து, கடைசியில் கால்விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கெடுத்து அனுப்பினேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்ததை வைத்துச் செய்ததுதான். அடுத்த ஞாயிறு அவள் நேராக நடந்து வந்தாள், கூடவே இன்னும் இரண்டு பேர். பிறகு பக்கத்து வீட்டுச் சீலாவதி அக்கா சுளுக்கிய முழங்கையோடு வந்தாள். சரியானதும், "ஒயாகே அத்த ஹொந்தாய், நங்கி" என்றாள். சிங்களத்தில், உன் கை நல்ல கை, தங்கச்சி என்று அர்த்தம்.

ஊருக்கெல்லாம் நான் ஒற்றைப் பிள்ளையின் தாய். சுளுக்கோடு வருகிறவர்களுக்கு மட்டும் இரண்டு பிள்ளையின் தாய். அவன் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை, என் கையில் ஒன்றை விட்டுவிட்டுத்தான் போனான் என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. போகும்போது 'வாறேன்' என்று சொல்லக் கூடாது, சொன்னால் சுளுக்கும் திரும்பி வரும் என்று ஒரு முறை உண்டு. அதனால் வந்தவர்கள் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அந்த முறைதான் பிடிக்காது. இன்னும் இரண்டு நிமிஷம் இருந்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

3

சுபாவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது இங்கே வந்தோம். இங்கே யாருக்கும் சுளுக்கு வருவதில்லை. வந்தால் ஐஸ் வைக்கிறார்கள். என் கை உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் சுபா ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார், நான் எல்லாவற்றுக்கும் 'யெஸ்' சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு 'யெஸ்' சொன்னேன் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒருநாள் இடைவேளையில் யாரோ அவள் பக்கம் பந்தை எறிந்திருக்கிறார்கள். பிடித்துவிட்டாள். பிடித்ததைத் திருப்பி எறிந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அம்மா, எனக்கு நாலு ஃப்ரெண்ட்ஸ்" என்றாள். அவளுக்கு இங்கிலீஷ் வந்தது அந்தப் பந்துக்குப் பின்னால்தான். பந்து இல்லாத சுபாவை அதன் பிறகு நான் பார்த்ததே இல்லை. சோறு தின்னும்போதும் காலுக்கிடையில் ஒன்று இருக்கும்.

கொலேஜுக்குப் போனதும் அவளைப் பெண்கள் கூடைப்பந்து அணியில் எடுத்தார்கள். முதல் ஆட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஜேர்சியின் முதுகில் குடும்பப் பெயரைப் போடுவார்களாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் என் வீட்டுக்காரரின் பெயரைத்தான் நிரப்பியிருந்தோம். ஆக, பஸ்ஸுக்குக்கூட ஓடாத மனுஷனின் பெயர் என் மகளின் முதுகில் ஏறி அந்தக் கோர்ட் முழுக்க ஓடியது. வெள்ளைக்காரர்கள் எல்லோரும் "செல்வராஜ்! செல்வராஜ்!" என்று கத்தினார்கள். முதல் தடவை இவர் எழுந்து நின்றேவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

அவள் எவ்வளவு உயரம் எழும்புவாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பேருக்கு நடுவில் எழும்பி, பந்தை எடுத்து, ஒற்றைக் காலில் இறங்கி, அதே காலில் திரும்பினாள். என் வயிற்றில் பத்து நிமிஷம் பின்தங்கி வந்த பிள்ளையா இது என்று நினைத்தேன்.

4

இரண்டாம் வருஷம், ஆட்டக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். நடை சரியில்லை. முழங்கால் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"என்னா புள்ள இது?"

"ப்ராக்டிஸ்ல ட்விஸ்ட் ஆயிருச்சிம்மா. ஒண்ணுமில்ல."

"சத்தம் ஏதும் கேட்டிச்சா?"

"லேசா" என்றாள். 

அவளுடைய அணியிலேயே மூன்று பிள்ளைகள் முழங்காலில் கம்பி வைத்த உறையோடு திரிகிறார்கள் என்று முன்பே சொல்லியிருந்தாள். பையன்களைவிடப் பெண்பிள்ளைகளுக்குத்தான் முழங்கால் சீக்கிரம் போகுமாம். அது ஊரார் பிள்ளைகளுக்கு, என் பிள்ளைக்கு என் கை இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"காலக் காட்டு" என்றேன். நல்லெண்ணெயைச் சூடாக்கினேன். பத்து வருஷத்துக்கு மேல் தொடாத வேலை. கை தானாகப் போனது. காலையில் வெறும் வயிற்றில், மூன்று நாள். அவள் சோபாவில் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

தேய்க்கத் தேய்க்க என் வாயும் திறந்துகொண்டது. அவனைப் பற்றிப் பேசினேன். "இந்தக் கை ஒங்க அண்ணன் குடுத்த கைடி" என்றேன். அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்பது தெரியும். ஒருதரம் யாரோ சொல்லக் கேட்டு என்னிடம் கேட்டபோது, போய்ப் பாடத்தைப் படி என்று விரட்டிவிட்டிருந்தேன். இப்போது நானாகச் சொன்னேன். ஒருநாள் தோட்டத்துப் பெண் வந்த கதை. மறுநாள் சீலாவதி அக்கா கதை. நடுநடுவே அவன் எவ்வளவு சிறியவன் என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் போகாமல் மறுபடி எண்ணெயைத் தொடுவேன்.

"வலிக்குதா?" என்று கேட்பேன்.

"இல்லம்மா. நல்லாருக்கு. தேய்ங்க" என்பாள்.

மூன்றாம் நாள் எழுந்து நடந்து காட்டினாள். வீக்கமும் வடிந்திருந்தது. அவளைக் கொலேஜுக்கு அனுப்பிவிட்டு அன்று முழுக்க நான் பாடிக்கொண்டு திரிந்தேன். என்னாச்சு இவளுக்கு என்று என் வீட்டுக்காரர் அடுப்படியை இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.

5

அதற்கு இரண்டு கிழமை கழித்து எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் ஒன்றுகூடல். வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூட மண்டபம். சாப்பாடு, பாட்டு, பிள்ளைகளுக்கு விளையாட்டு. பெண்களுக்கு ஒரு சிநேகபூர்வக் கூடைப்பந்து ஆட்டமும் உண்டு. சுபாவின் பெயரை நான்தான் கொடுத்தேன்.

"அம்மா, நான் வரேன், ஆனா வெளையாடல்ல" என்று போனில் சொன்னாள்.

"ஏன், கால் நல்லாத்தானே இருக்கு?"

"சரிம்மா" என்றாள்.

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும், "கால் இம்மாம் வீக்கம் வீங்கிக் கெடந்திச்சி, மூணே நாள்ல நான் எடுத்துட்டேன், ரெட்டப் புள்ள பெத்த கையில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்த நாட்டுக்கு வந்து முதல்தடவையாக அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னேன். ரெட்டப் புள்ளையா, உங்களுக்கா என்று ஆச்சரியப்பட்டார்கள். ஆமாம், எனக்குத்தான் என்றேன்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம் இருக்கும். பந்து உயரமாக வந்தது. சுபா எழும்பினாள். எல்லோரும் கை தட்டினார்கள். இறங்கித் திரும்பும்போது முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. அவள் கத்தின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிள்ளை பெறும்போது நான்கூட அப்படிக் கத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைக் காட்டி ரொம்ப நேரம் பேசினார். எங்களுக்கு மொழிபெயர்த்தது சுபாதான். அவளுக்கு இங்கிலீஷ் வந்த நாளிலிருந்து வங்கி, வீட்டுச் சொந்தக்காரன், விசா எல்லாவற்றுக்கும் அவள்தான். படுக்கையில் கிடந்துகொண்டே சொன்னாள்: "இன்னைக்கி விழுந்ததுல உள்ளுக்கு ஒரு நார் அறுந்திருச்சாம். பக்கத்துல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்குமாம், அதுவும் கிழிஞ்சிருச்சாம். ஆப்பரேஷன் செய்யணுமாம்."

"இவ்ளோ நேரம் பேசினாரே, இவ்ளோதானா?" என்று கேட்டேன்.

"இவ்ளோதாம்மா" என்றாள்.

கண்ணூறு என்றார் என் வீட்டுக்காரர். அத்தனை பேர் பார்க்க அப்படி எழும்பினால் கண் படாமல் இருக்குமா என்றார். எனக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது. என் கை சரியாக்கியதை ஊர்க் கண் கெடுத்துவிட்டது என்று ஒரு வருஷத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். புகைக்கு அலாரம் அடித்து மேல்வீட்டுக்காரர்கள் இறங்கி வந்ததுதான் கண்ட பலன்.

6

தொடைக்குப் பின்னாலிருந்து நார் எடுத்து முழங்காலுக்குள் வைத்துத் தைத்தார்கள். கிழிந்த மெத்தையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். பிறகு பயிற்சி. முதல் நாள் காலை ஒரு சாண் உயர்த்த வேண்டும். பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. வலது தொடை இடது தொடையில் பாதியாகிவிட்டது. அளவுநாடாவை வைத்து அவளே அளந்து சுவரில் எழுதுவாள். எழுதிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் எண்ணெய்ச் சட்டியை எடுத்தால், "வேணாம்மா, தையல் இருக்கு" என்பாள்.

பத்தாம் மாதம் மறுபடி கோர்ட்டில் இறங்கினாள். நேராக ஓட முடிந்தது. திரும்ப முடியவில்லை. திரும்பினால் முழங்கால் வீங்கியது, பூட்டிக்கொண்டது. நார் மட்டும் என்றால் திரும்பி வந்திருக்கலாம், அணியில் அப்படி வந்தவர்கள் இருக்கிறார்கள், மெத்தை போனதுதான் பிரச்சினை என்று பிஸியோ சொன்னாராம். இப்படியே ஆடினால் முப்பது வயதில் கிழவியின் முழங்கால் என்றாராம். இருபது வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்ல எப்படித்தான் வாய் வருகிறதோ.

ஜேர்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று சுபா சாப்பிடவில்லை. வீட்டுக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் அறைக்குள் இருப்பாள். கேட்டதற்கு இங்கிலீஷில் ஒற்றை வார்த்தைப் பதில். பிள்ளைகள் இங்கே இப்படித்தான் விலகிப்போகும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. நடந்துபோகும்போது பின்னாலிருந்து பார்ப்பேன். தெரியாதவர்களுக்கு அந்த நொண்டல் தெரியாது. எனக்குத் தெரியும்.

7

போன மாதம் கொலேஜ் விடுதியில் அறை மாற்றுவதற்காகச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு காகிதப் பெட்டி கிழிந்து கொட்டியது. பொறுக்கி அடுக்கும்போது கொலேஜ் மருத்துவ அறையின் கடிதமொன்று கையில் பட்டது. எனக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும். ஆனால் தேதி வாசிக்கத் தெரியும். முழங்காலுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிய கடிதம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்பதும் புரிந்தது. தேதி, அவள் வீங்கின காலோடு வீட்டுக்கு வந்த அதே வெள்ளிக்கிழமை.

சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். கடிதத்தை மேசையில் போட்டேன்.

"இது என்னா?"

பார்த்தாள். உட்கார்ந்தாள். "தெரபிஸ்ட் மொதல்லயே சொல்லிட்டாங்கம்மா. நார் அறுந்திருக்கும் போல, ஸ்கேன் எடுக்குற வரைக்கும் ஓடாதன்னு. அன்னைக்கி ஆஸ்பத்திரியில டாக்டரும் அதத்தான் சொன்னாரு, பழைய அறுவல்னு. நான்தான் ஒங்களுக்குச் சொல்லல்ல."

"அப்ப நான் தேய்ச்சது?"

"நீங்க தேய்ச்சதால ஒண்ணும் ஆகல. அதுக்கு முன்னுக்கே அறுந்திருச்சி."

"வலி?"

"இருந்திச்சி."

"மூணு நாளுமா?"

தலையை ஆட்டினாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "வாயில என்னா கொழுக்கட்டையா இருந்திச்சி? வலிக்குதுன்னு சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா கைய எடுத்திருவீங்க" என்றாள். "கைய எடுத்தா அண்ணாவப் பத்திப் பேசுறதையும் நிப்பாட்டிருவீங்க. அதுக்கு முன்ன நீங்க எனக்கு ஒரு வார்த்த சொன்னதில்லம்மா."

"அப்ப அந்த மேட்ச்? அதுல ஏன்டி எறங்கின?"

"நீங்க எல்லார்கிட்டயும் ரெட்டப் புள்ள பெத்த கைன்னு சொல்லிட்டு இருந்தீங்க. ஒங்கள அப்பிடிச் சந்தோஷமா நான் பாத்ததே இல்ல. கால் சரியாகலன்னு அங்க வச்சி எப்பிடிம்மா சொல்றது?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நார் பந்துப் பயிற்சியில் அறுந்தது. மெத்தை என்னால் கிழிந்தது. நான் பெயர் கொடுத்த ஆட்டத்தில், நான் பெருமையடித்துக்கொண்டு நின்ற மண்டபத்தில். என் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைக்குக் கீழே ஒளித்துக்கொண்டேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்பவாச்சும் முழுசாச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அழுகையை நிறுத்தாமலே சொன்னேன். அவன் கண்ணைத் திறந்துகொண்டே பிறந்தது. தலை நிறைய முடி. என் சுண்டுவிரலைப் பிடித்தால் விடமாட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தபோது, பக்கத்தில் இவள் அழுதால் அவனும் அழுவான். ஏழாம் நாள் ஒரு கொட்டாவி விட்டான், நர்ஸ் சிரித்தாள். பதினோராம் நாள் காலையில் பால் கொண்டுபோனபோது பெட்டி காலியாக இருந்தது.

சொல்லி முடித்தபோது அடுப்பில் சோறு இன்னும் வெந்திருக்கவில்லை.

"அவ்ளோதானா?" என்று கேட்டாள் சுபா.

"அவ்ளோதான்" என்றேன்.